ஞானஸ்நானத்துக்குப் பெயர் கொடுக்கும் முன்

கத்தோலிக்கக் கோயிலின் பங்கு (அந்தக் கோயிலுக்குரிய பகுதி) அலுவலகத்து பீரோவிலிருந்து எடுத்து வைக்கிற திருமுழுக்குப் (ஞானஸ்நானப்) பதிவேட்டில் ஒரு குழந்தைக்கு ஒரு வரிசைதான். வரிசை எண், திருமுழுக்கு நாள், பிறந்த நாள், பிறந்த இடம், குழந்தையின் பெயர், தகப்பன் பெயர், தாய் பெயர், முகவரி, ஞானத்தகப்பன், ஞானத்தாய் (குழந்தையின் விசுவாசத்துக்குப் பொறுப்பேற்று நிற்கிறவர்கள்), திருமுழுக்குக் கொடுத்த குருவின் (பாதிரியாரின்) பெயர். கடைசியில் குறிப்புக்கென்று ஒரு காலிக் கட்டம். தலையில் தண்ணீர் ஊற்ற ஒரு நிமிடம்கூட ஆகாது. இந்த வரியோ, பிள்ளை புதுநன்மை (முதன்முறை நற்கருணை அப்பம்) வாங்கும்போதும், உறுதிபூசுதலுக்கு (விசுவாசத்தை உறுதிப்படுத்தி எண்ணெய் பூசும் சடங்கு) போகும்போதும், கல்யாணத்துக்கு ஓலை (கோயிலில் படிக்கும் திருமண அறிவிப்பு) வாசிக்கும் முன்னும் மறுபடி மறுபடி தேடப்படும்.

ஆனால் வடசென்னையில் பெரும்பாலான குடும்பங்கள் கோயிலுக்கு வந்து முதலில் சொல்கிற வாக்கியம் இதுதான்: "மண்டபம் புக் பண்ணிட்டோம் ஃபாதர், வர்ற ஞாயித்துக்கிழமை வெச்சுக்கலாமா?" பிரியாணிக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது, பத்திரிகையும் அச்சாகிவிட்டது. ஞானப்பெற்றோர் யார் என்று கேட்டால் கணவனும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். குழந்தையின் பெயருக்கு ஆங்கில எழுத்துக்கூட்டல் இன்னும் முடிவாகவில்லை. இந்த வரிசையைத் தலைகீழாக்கினாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். முதலில் பங்கு, பிறகு பெயர், பிறகு ஞானப்பெற்றோர், அதன்பிறகே நாள். மண்டபம் கடைசி.

எந்தப் பங்கு என்பதிலிருந்தே ஆரம்பிக்கலாம். குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுக்க வேண்டிய இடம் பெற்றோரின் சொந்தப் பங்கு ஆலயம் என்பது திருச்சபைச் சட்டத்தின் பொது விதி. சொந்தப் பங்கு என்றால் நீங்கள் இப்போது குடியிருக்கிற தெரு எந்தப் பங்கின் எல்லைக்குள் வருகிறதோ அதுதான். தாத்தா மணம் முடித்த கோயில் என்பதாலோ, நீங்கள் புதுநன்மை வாங்கிய கோயில் என்பதாலோ அது உங்கள் பங்கு ஆகிவிடாது. நம் பக்கத்தில் இது பெரிய குழப்பம். ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் வாடகை கட்டுப்படியாகாமல் கொடுங்கையூருக்கோ மணலிக்கோ போகிறார்கள். காசிமேட்டுக் குடும்பம் எர்ணாவூரில் வீடு வாங்குகிறது. கோயிலின் குடும்ப அட்டை மட்டும் பழைய பங்கிலேயே தங்கிவிடுகிறது. புதுப் பங்கில் அன்பியக் (தெருக் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கும் குழு) கூட்டத்துக்கும் போனதில்லை. குழந்தை பிறந்த பிறகு இரண்டு கோயிலிலும் "நீங்க அந்தப் பங்குதானே?" என்று கேட்கிறார்கள்.

இதற்கு வழி, கர்ப்ப காலத்திலேயே புதுப் பங்கில் பதிந்துகொள்வது. பழைய பங்கிலிருந்து மாற்றுக் கடிதம், உங்கள் திருமணச் சான்றிதழின் நகல், இப்போதைய முகவரிக்கு ஆதார் அல்லது வாடகை ஒப்பந்தம் இருந்தால் பெரும்பாலும் போதும். உங்கள் தெருவின் அன்பியப் பொறுப்பாளர் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பல பங்குகளில் திருமுழுக்கு விண்ணப்பத்தில் அவருடைய கையெழுத்துக்கு ஓர் இடம் இருக்கிறது. ஒரு வருடம் அன்பியச் செபத்துக்குப் போய்வந்த குடும்பத்துக்கு அந்தக் கையெழுத்து ஐந்து நிமிட வேலை.

கோயில் சந்தா பாக்கி பற்றியும் சொல்ல வேண்டும், பலர் வெட்கப்பட்டே அலுவலகத்துக்கு வராமல் இருக்கிறார்கள். பாக்கி இருந்தால் கட்டுங்கள், முடியாவிட்டால் பங்குத்தந்தையிடம் நேராகச் சொல்லுங்கள். வசதியில்லை என்பதற்காக யாருக்கும் அருளடையாளம் (திருமுழுக்கு போன்ற புனிதச் சடங்கு) மறுக்கப்படக் கூடாது என்று திருச்சபைச் சட்டமே சொல்கிறது. காணிக்கை என்பது மறைமாவட்டம் வகுத்த அளவுக்குள் கொடுப்பது. அதற்கு மேல் கேட்க குருவுக்கும் உரிமை இல்லை.

சொந்தப் பங்கை விட்டு வேறு கோயிலில் வைக்க ஆசைப்படுகிறவர்கள் இங்கே நிறைய. பிள்ளை வரம் கேட்டுப் பெரம்பூர் லூர்து அன்னையிடமோ, ஆர்மேனியன் தெரு அந்தோணியாரிடமோ, வேளாங்கண்ணியிலோ பொருத்தனை வைத்திருப்பார்கள். தப்பில்லை. உங்கள் பங்குத்தந்தையிடம் ஆட்சேபணை இல்லை என்ற கடிதம் வாங்கிக்கொண்டு போக வேண்டும். ஆனால் ஒன்றை யோசித்துக்கொள்ளுங்கள். திருமுழுக்கு எங்கே நடக்கிறதோ அங்கேதான் அந்த வரி எழுதப்படும். வேளாங்கண்ணியில் வைத்தால் 25 வருடம் கழித்து கல்யாணச் சான்றிதழுக்கு அங்கேதான் எழுதிக் கேட்க வேண்டும். சொந்தப் பங்கில் திருமுழுக்கு, அது முடிந்த வாரம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பொருத்தனை செலுத்தப் பயணம் என்று பிரித்துக்கொள்வதுதான் எனக்குச் சரியாகப்படுகிறது. பொருத்தனையும் நிறைவேறும், பதிவும் நடந்து போகிற தூரத்தில் இருக்கும்.

எப்போது வைப்பது? பிறந்த சில வாரங்களுக்குள் என்பதுதான் சட்டம் பெற்றோரிடம் எதிர்பார்ப்பது. நம்மூரில் தாய்வீட்டுப் பிரசவம், மூன்றாம் மாதம் புகுந்த வீடு, வெளிநாட்டிலிருந்து மாமா வரும் தேதி என்று தள்ளித் தள்ளி முதல் பிறந்தநாளோடு சேர்த்து வைப்பது வழக்கமாகிவிட்டது. செலவு மிச்சம் என்பது உண்மைதான். ஆனால் ஒரு வயதுக் குழந்தை முகம் பார்த்து அழும், திமிறும், எண்ணெய் பூசின கையைத் தட்டிவிடும். இரண்டு மாதக் குழந்தை பால் குடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டே திருமுழுக்கு வாங்கிவிடும். திருமுழுக்குத் தொட்டி அருகே எவ்வளவு நேரம் நின்றாலும் தெரிகிற வித்தியாசம் அது. ஏழு வயது நிறைந்து விவரம் தெரிந்துவிட்டால் இந்தக் குழந்தைச் சடங்கே பொருந்தாது. மறைக்கல்வி, படிப்படியான தயாரிப்பு என்று பெரியவர்களுக்கான முறைக்கு மாறிவிடும்.

நாளைப் பொறுத்தவரை ஞாயிறுதான் முறை. பங்குக்குப் பங்கு ஏற்பாடு வேறுபடும்; மாதத்தில் ஒரு குறிப்பிட்ட ஞாயிறு, காலைப் பூசை முடிந்ததும் என்று பல கோயில்களில் நிலையாக வைத்திருக்கிறார்கள். தவக்காலத்தில் பல பங்குகளில் வைப்பதில்லை, ஈஸ்டருக்குப் பிறகு ஒரே நாளில் கூட்டம் சேரும். நவம்பர், டிசம்பரில் நாள் குறித்தால் மழையையும் கணக்கில் எடுங்கள். வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் அந்தப் பக்கத்து உறவினர் யாரும் நேரத்துக்கு வந்து சேர மாட்டார்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டினாலும் அதே கதைதான். ஞானப்பெற்றோரை முதல்நாள் இரவே பக்கத்தில் வந்து தங்கச் சொல்லுங்கள். மற்றவர்கள் தாமதமாக வந்தால் சமாளிக்கலாம், இவர்கள் இல்லாமல் ஆரம்பிக்க முடியாது.

அடுத்தது பெயர். பதிவேட்டில் நேர்கிற தவறுகளில் பெரும்பாலானவை இங்கேதான்.

வீட்டில் ஒரு பெயர், மாநகராட்சியில் ஒரு பெயர், கோயிலில் ஒரு பெயர் என்று மூன்று இருப்பது நம் குடும்பங்களில் பழைய பழக்கம். ராயபுரம் என்ற ஊர்ப்பெயரே ராயப்பரிடமிருந்து, அதாவது புனித பேதுருவிடமிருந்து வந்தது. ராயப்பர், சின்னப்பர், அருளப்பர், யாகப்பர், சவேரியார் என்று தமிழில் வேரூன்றிய பெயர்கள் நமக்கு இருந்தன. ரேஷன் அட்டையில் சின்னப்பன், கோயில் ஏட்டில் பால் என்று ஒரே ஆள் இரண்டு ஆளாக நிற்பது அந்தத் தலைமுறைக்குத் தொல்லையாக இருக்கவில்லை. கோயில் கொடுத்த சீட்டே வயதுக்குச் சான்றாகவும் செல்லுபடியானது. இப்போது அப்படி இல்லை. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே பிறந்த தேதிக்கான ஒரே ஆவணம். ஞானஸ்நானச் சீட்டு அதற்கு மாற்று ஆகாது.

ஆகவே மாநகராட்சி வேலையை முதலில் முடியுங்கள். ஆஸ்பத்திரியில் பிரசவமானால் பிறப்பை அவர்களே பதிவு செய்வார்கள், ஆனால் குழந்தையின் பெயர் இல்லாமல் சான்றிதழ் வந்திருக்கும். ஒரு வருடத்துக்குள் பெயர் சேர்க்கக் கட்டணம் இல்லை. அதற்கு மேல் போனால் தாமதக் கட்டணத்தோடு 15 வருடம் வரை சேர்க்கலாம். பெயர் ஏறிய பிறப்புச் சான்றிதழின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு பங்கு அலுவலகத்துக்கு வந்தால், அதைப் பார்த்தே எழுத்துக்கு எழுத்து பதிவேட்டில் எழுதலாம். புனிதர் பெயரும் வேண்டும், நவீனப் பெயரும் வேண்டும் என்றால் இரண்டையும் சேர்த்து மாநகராட்சியிலேயே ஒரே பெயராகப் போட்டுவிடுங்கள். கோயிலில் மட்டும் அந்தோணி, மற்ற எல்லா இடத்திலும் தருண் என்றால், 25 வருடம் கழித்து அந்தோணியும் தருணும் ஒரே ஆள் என்று நிரூபிக்க உறுதிமொழிப் பத்திரம் எழுத வேண்டியிருக்கும்.

புனிதர் பெயர்தான் வைக்க வேண்டும் என்று இன்றைய சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. கிறிஸ்தவ உணர்வுக்கு அன்னியமான பெயர் வேண்டாம் என்று மட்டும் பெற்றோரையும் ஞானப்பெற்றோரையும் பங்குத்தந்தையையும் பார்த்துச் சொல்கிறது. அன்பரசி, இனியன், அமுதன் போன்ற தமிழ்ப் பெயர்களுக்கு யாரும் தடை சொல்ல முடியாது. ஆனாலும் ஒரு புனிதரின் பெயரைச் சேர்த்துக்கொள்வதை நான் ஆதரிக்கிறேன். பிள்ளைக்கு ஆண்டுதோறும் ஒரு திருநாள் சொந்தமாகக் கிடைக்கிறது. சின்னப்பரையும் அருளப்பரையும் மறுபடி தூக்கிக்கொள்கிற பெற்றோரைப் பார்த்தால் இன்னும் சந்தோஷம்.

இனிஷியல் இன்னொரு கண்ணி. பதிவேடு பல கோயில்களில் ஆங்கிலத்தில்தான் எழுதப்படுகிறது. தகப்பன் பெயரை ஆதாரில் உள்ளபடி தெளிவான எழுத்தில் தனித்தாளில் எழுதிக்கொடுங்கள், வாயால் சொல்லாதீர்கள். ஜோசப்புக்கு முடிவில் என்ன எழுத்து, மேரிக்கு மரியா என்று போட்டிருக்கிறதா, தாயின் பெயர் கல்யாணத்துக்கு முந்திய இனிஷியலோடு இருக்கிறதா என்பதெல்லாம் அந்தத் தாளில் இருக்கட்டும். ஒருமுறை மையில் எழுதியதைப் பங்குத்தந்தை தன் விருப்பத்துக்கு அடித்துத் திருத்த முடியாது. ஆதாரம் கொடுத்து, பேராயர் அலுவலகம் வரை போய் அனுமதி வாங்கிச் செய்கிற வேலை அது. சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் ஆங்கிலிக்கன் மரியா ஆலயத்தில், கல்கத்தாவோடு பேர் சேர்த்துச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் மூன்று பெண்பிள்ளைகளும் 1689இல் திருமுழுக்குப் பெற்றார்கள் என்று நமக்கு இன்றும் தெரிகிறது என்றால், யாரோ அன்று அந்த வரியைச் சரியாக எழுதி வைத்ததுதான் காரணம்.

ஞானப்பெற்றோர் விஷயத்துக்கு வருவோம். ஞானத்தகப்பன் ஒருவர், அல்லது ஞானத்தாய் ஒருவர், அல்லது இருவரும், அவ்வளவுதான். இரண்டு ஞானத்தகப்பன், மூன்று ஞானத்தாய் என்று சொந்தக்காரர்களைச் சமாதானப்படுத்தப் பட்டியல் போட முடியாது. கணவன் மனைவியாக இருக்க வேண்டும் என்ற விதி கிடையாது. ஒரே ஆள் போதும். அந்த ஆள் 16 வயது நிறைந்தவராக, கத்தோலிக்கராக, நற்கருணையும் உறுதிபூசுதலும் பெற்றவராக, ஏற்கிற பொறுப்புக்குப் பொருத்தமான விசுவாச வாழ்வு வாழ்கிறவராக இருக்க வேண்டும். குழந்தையின் அப்பாவோ அம்மாவோ நிற்க முடியாது. வேறு பங்கைச் சேர்ந்தவர் என்றால் அவருடைய பங்குத்தந்தையிடமிருந்து கடிதம் கேட்பார்கள்.

உறுதிபூசுதல் இல்லாமல் மாட்டிக்கொள்வதுதான் அதிகம். புதுநன்மை எடுத்தபின் மறைக்கல்வியை விட்டுவிட்டு வேலைக்குப் போன தம்பிகள் நிறையப் பேர். அக்கா ஆசையாகக் கூப்பிட்ட பிறகுதான் "எனக்கு உறுதிபூசுதல் ஆகலையே" என்று தெரியவரும். அதனால்தான் பத்திரிகை அடிக்கும் முன் கேளுங்கள் என்கிறேன். அச்சான பெயரை நீக்கினால் அந்த மனத்தாங்கல் இரண்டு தலைமுறைக்குப் போகும்.

வடசென்னைக் குடும்பங்கள் கலப்புக் குடும்பங்கள். ஒரே வீட்டில் பெரியம்மா சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), சித்தப்பா பெந்தகோஸ்தே சபை, பக்கத்து வீட்டு உயிர்த்தோழி இந்து. சி.எஸ்.ஐ. பெரியம்மாவை ஒரு கத்தோலிக்க ஞானப்பெற்றோரோடு சேர்த்துக் கிறிஸ்தவச் சாட்சியாக நிறுத்தலாம். அவர் பெயரும் பதிவேட்டில் சாட்சி என்று ஏறும். திருமுழுக்குப் பெறாத தோழிக்கு அந்த இடம் இல்லை. ஆனால் வெள்ளாடையைத் தட்டில் ஏந்தி வருவதிலோ குடும்பத்தோடு முன்வரிசையில் நிற்பதிலோ யாரும் குறை சொல்லப் போவதில்லை. அவரை விட்டுவிடாதீர்கள்.

வயதானவர்கள் மெதுவாகக் கேட்கிற இன்னொரு கேள்வி உண்டு. அத்தை வீட்டுக்காரரை ஞானத்தகப்பனாக வைத்தால் முறை மாறிவிடாதா, நாளைக்குக் கல்யாணத்துக்குத் தடை வராதா? ஞான உறவு திருமணத்துக்குத் தடையாகப் பழைய சட்டத்தில் இருந்தது உண்மை. 1983இன் சட்டத்தொகுப்பு லத்தீன் திருச்சபைக்கு (நம் பங்குகள் சேர்ந்த பிரிவு) அந்தத் தடையை எடுத்துவிட்டது. கேரளத்தில் வேரூன்றிய சீரோ மலபார் போன்ற கீழைத் திருச்சபைகளின் சட்டத்தில் அது இன்னமும் இருக்கிறது. உங்கள் வீட்டில் மலையாளி மருமகனோ மருமகளோ இருந்தால் இதைக் கவனிக்க வேண்டும். பெற்றோர் இருவரும் சீரோ மலபார் என்றால், பக்கத்து லத்தீன் பங்கில் திருமுழுக்கு வாங்கினாலும் பிள்ளை சீரோ மலபார்தான். பதிவேட்டில் அதைக் குறிக்கச் சொல்லுங்கள்.

மோதிரம், செயின் போடுகிற வசதி பார்த்து ஞானப்பெற்றோரைத் தேர்ந்தெடுப்பது நம்மிடம் உள்ள நோய். பிள்ளைக்குச் செபம் சொல்லிக்கொடுக்க, பெற்றோர் தடுமாறும்போது கோயிலுக்குக் கைபிடித்துக் கூட்டிப்போக, பத்து தெருவுக்குள் இருக்கிற ஆளைப் பாருங்கள். துபாயில் இருக்கிற மாமாவை விட தண்டையார்பேட்டையில் இருக்கிற சித்தி நல்லது.

திருமுழுக்கு தயாரிப்பு வகுப்பு பெரும்பாலும் சனிக்கிழமை மாலை இருக்கும். பெற்றோரும் ஞானப்பெற்றோரும் வர வேண்டும். பாவத்தை விலக்குகிறீர்களா, விசுவசிக்கிறீர்களா என்று கேட்கும்போது குழந்தை பேசாது, நீங்கள்தான் பதில் சொல்லப்போகிறீர்கள். வகுப்புக்கு வராதவர்கள் அந்த இடத்தில் மௌனமாக நிற்பார்கள், பின்வரிசைப் பாட்டிகள் அவர்களுக்காகப் பதில் சொல்வார்கள். பார்க்கவே வருத்தமாக இருக்கும்.

வாங்க வேண்டியவை குறைவு. வெள்ளாடை, ஒரு மெழுகுதிரி, சுத்தமான பருத்தித் துண்டு இரண்டு. எம்.சி. ரோட்டில் வலைத்துணியும் சாட்டினும் முத்தும் வைத்துத் தைத்த கவுன்கள் தொங்கும். மே மாதப் புழுக்கத்தில் அதைப் போட்டால் குழந்தைக்கு வேர்க்குரு நிச்சயம். உள்ளே பருத்தி ஷிம்மி இருக்கட்டும். கழுத்தை ஒட்டிய உடுப்பு வேண்டாம். ஆயத்த எண்ணெய் (தண்ணீர் ஊற்றும் முன் பூசுவது) நெஞ்சில் பூசப்படும், முன்பக்கம் பொத்தானோ நாடாவோ திறக்கிற மாதிரி இருக்க வேண்டும். முதலிலேயே முழு வெள்ளை கவுனைப் போட்டு வருகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. வெள்ளாடை அணிவிப்பது தண்ணீருக்குப் பிறகு வருகிற சடங்கு. சாதாரண உடுப்பில் தூக்கி வந்து, திருமுழுக்கு முடிந்தபின் வெள்ளை உடுத்தினால்தான் அந்த அடையாளம் கண்ணுக்குத் தெரியும். இரண்டு உடுப்பு மாற்றச் சிரமம் என்றால் வெள்ளைச் சால்வை ஒன்று போதும். நெற்றியில் வைத்த திருஷ்டிப் பொட்டை வாசலிலேயே துடைத்துவிடுங்கள். அங்கே சிலுவை வரையப்போகிறார்கள். தலையில் எண்ணெய் தேய்த்து வழவழவென்று கொண்டுவராதீர்கள், தண்ணீர் முடியில் உருண்டு ஓடிவிடும். அது தோலில் பட வேண்டும். தங்கத்தை வீட்டில் வையுங்கள்.

சடங்கு வாசலில் ஆரம்பிக்கும். குழந்தைக்கு என்ன பெயர் வைக்கிறீர்கள், திருச்சபையிடம் என்ன கேட்கிறீர்கள் என்று குரு கேட்பார். பெயரை உரக்க, பதிவில் கொடுத்தபடி சொல்லுங்கள். செல்லப்பெயர் வாயில் வந்துவிடும், ஜாக்கிரதை. குரு நெற்றியில் சிலுவை வரைந்ததும் பெற்றோரும் ஞானப்பெற்றோரும் வரைய வேண்டும். பிறகு இறைவார்த்தை, மன்றாட்டு, புனிதர்களின் பெயர்கள், நெஞ்சில் ஆயத்த எண்ணெய், தண்ணீரை ஆசீர்வதித்தல், பாவ விலக்கு, விசுவாச அறிக்கை. பூசை இல்லாமல் தனியாக வைத்தால் முக்கால் மணி நேரத்துக்குள் முடியும். பாலூட்டும் நேரத்தை அதற்கு ஏற்ப வையுங்கள். தொடங்க 20 நிமிடத்துக்கு முன் கொடுத்து, ஏப்பம் விடவைத்து, தோளில் துண்டோடு வாருங்கள். அப்போதே பால் குடித்த குழந்தையை மல்லாக்கச் சாய்த்தால் கக்கிவிடும்.

தொட்டியருகே குழந்தையின் தலை இடது முழங்கை மடிப்பில், முகம் மேல்நோக்கி இருக்கட்டும். வலது கையால் கழுத்தைத் தாங்கிப் பின்தலையைத் தொட்டிமேல் கொஞ்சம் தாழ்த்துங்கள். தண்ணீர் உச்சியில் விழுந்து பின்பக்கம் வழியும், கண்ணிலும் மூக்கிலும் போகாது. பயத்தில் குழந்தையை நெஞ்சோடு நிமிர்த்திப் பிடிப்பதால்தான் முகத்தில் வழிந்து அலறுகிறது. மூன்று முறை ஊற்றி முடியும்வரை துடைக்காதீர்கள்; பாட்டிமார் முதல் ஊற்றுக்கே துண்டை நீட்டுவார்கள். மார்கழிக் காலையில் தொட்டித் தண்ணீர் சில்லென்றிருக்கும். கோயில் பிள்ளையிடம் (கோயில் பணியாளரிடம்) முன்னதாகச் சொல்லி ஒரு சொம்பு வெந்நீரைக் கலக்கச் சொல்லுங்கள், ஆசீர்வதிப்பதற்கு முன்.

அடுத்து உச்சந்தலையில் கிறிஸ்மா தைலம். ஒலிவ எண்ணெயில் நறுமணத் தைலம் கலந்து, புனித வாரத்தை ஒட்டிய திருப்பலியில் பேராயர் அர்ச்சித்துப் பங்குகளுக்கு அனுப்புவது. தலையை ஈரம் போக ஒற்றிவிட்டால் தைலம் தங்கும். பிறகு வெள்ளாடை. பிறகு பாஸ்கா திரியிலிருந்து (ஈஸ்டருக்கு ஏற்றும் பெரிய மெழுகுதிரி) ஞானத்தகப்பனோ குழந்தையின் அப்பாவோ மெழுகுதிரியைக் கொளுத்துவார். கோயிலின் மின்விசிறி இதைத்தான் அணைக்கும். அந்த நேரம் பார்த்து யாராவது ஒருவர் சுவிட்ச் அருகே நிற்கட்டும். எரியும் திரியும் வலைத்துணி கவுனும் பக்கத்தில் பக்கத்தில் வரக்கூடாது. திரியைப் பிடிப்பவர் குழந்தையைத் தூக்கியிருப்பவரிடமிருந்து ஒரு கை தூரம் தள்ளி நிற்க வேண்டும். இதில் சமரசம் கிடையாது. திரியை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பத்திரப்படுத்துங்கள், புதுநன்மை நாளில் அதையே ஏற்றலாம்.

போட்டோகிராபரிடம் முதல்நாளே பேசுங்கள். குருவுக்கும் தொட்டிக்கும் நடுவில் வரக்கூடாது, தண்ணீர் ஊற்றுவதை "இன்னொரு தடவை ஃபாதர்" என்று கேட்கக் கூடாது. திருமுழுக்கு ஒருமுறைதான். நடிப்புக்காகக்கூட மறுபடி ஊற்றுவதில்லை.

இதெல்லாம் ஆரோக்கியமான குழந்தைக்கு. பச்சைக் குழந்தை ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியிலோ எழும்பூரிலோ தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தால் கதையே வேறு. அங்கே பங்கு, வகுப்பு, ஞானப்பெற்றோர், எதற்கும் காத்திருக்க வேண்டாம். உயிருக்கு ஆபத்து என்றால் யார் வேண்டுமானாலும் திருமுழுக்குக் கொடுக்கலாம். அப்பா கொடுக்கலாம், செவிலியர் கொடுக்கலாம், திருச்சபை செய்வதைச் செய்ய மனதில் நினைத்தால் கிறிஸ்தவர் அல்லாதவரும் கொடுக்கலாம். செவிலியரிடம் அனுமதி கேட்டு, கையைச் சுத்தம் செய்து, சிரிஞ்சில் கொஞ்சம் சுத்திகரித்த நீர் எடுத்துத் தலையில் மெதுவாக ஓடவிட வேண்டும். ஈரவிரலால் தொட்டுவைத்தால் போதாது, தண்ணீர் தோலில் ஓட வேண்டும். ஊற்றும்போதே, பெயரைச் சொல்லி, "தந்தை, மகன், தூய ஆவியார் பெயராலே நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்" என்று சொல்லுங்கள். பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று பழைய வார்த்தையில் வந்தாலும் அதேதான். "நாங்கள்" என்று சொல்லக் கூடாது. அப்படிக் கொடுத்தது செல்லாது என்று 2020 ஆகஸ்டில் ரோம் தெளிவாக அறிவித்தது. ஊற்றியவர் பெயர், நாள், நேரம், அருகில் இருந்தவர் பெயர் எழுதிப் பங்குத்தந்தையிடம் கொடுங்கள். குழந்தை பிழைத்து வீடு வந்ததும் கோயிலில் தைலம், வெள்ளாடை, திரி முதலான மீதிச் சடங்குகள் நடக்கும். தண்ணீர் மட்டும் மறுபடி ஊற்றப்படாது. ஆஸ்பத்திரியில் ஊற்றியதைச் சொல்லாமல் மறைத்து மறுபடி திருமுழுக்குக் கேட்பது தவறு.

கோயிலில் கல்யாணம் ஆகாமல் பதிவுத் திருமணம் செய்தவர்கள், கணவனைப் பிரிந்த பெண்கள், மணமாகாத தாய், ஒருவர் மட்டும் கத்தோலிக்கர் என்று வருகிறவர்கள் வாசலிலேயே தயங்கி நிற்கிறார்கள். தயங்க வேண்டாம். பெற்றோரில் ஒருவர் சம்மதமும், பிள்ளை கத்தோலிக்க விசுவாசத்தில் வளர்க்கப்படும் என்ற நியாயமான நம்பிக்கையும்தான் சட்டம் கேட்பது. பங்குத்தந்தை உங்கள் திருமணத்தைச் சீர்படுத்துவது பற்றிப் பேசுவார், அது அவர் கடமை. அதை நிபந்தனையாகக் குழந்தைமேல் வைக்க முடியாது. அந்த நம்பிக்கை அறவே இல்லையென்றால் தள்ளிவைக்கலாம். அப்போதும் காரணத்தைப் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பட்டியல் சாதிச் சான்றிதழ் வைத்திருக்கும் குடும்பங்கள் "பதிவேட்டில் எழுதாம குடுங்க ஃபாதர்" என்று கேட்பதுண்டு. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதித் தகுதி கிடையாது. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் தீர்ப்பு சொன்னபோது திருமுழுக்குப் பதிவும் சான்றாகப் பார்க்கப்பட்டது. அந்த ஆணை அநீதி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 10ஐக் கறுப்பு நாளாகத் திருச்சபை கடைப்பிடிப்பதும் அதனால்தான். ஆனால் எழுதாமல் திருமுழுக்குக் கொடுக்க எந்தப் பங்குத்தந்தைக்கும் உரிமை இல்லை. எழுதாத பிள்ளைக்கு நாளைக்குப் புதுநன்மையும் கல்யாணமும் எதை வைத்து நடக்கும்? விளைவுகளைத் தெரிந்துகொண்டு, கணவனும் மனைவியும் பேசி முடிவெடுத்து வாருங்கள்.

சடங்கு முடிந்ததும் எல்லோரும் மண்டபத்துக்கு ஓடுவார்கள். ஒருவர் மட்டும் பத்து நிமிடம் அலுவலகத்தில் நில்லுங்கள். பதிவேட்டைக் காட்டச் சொல்லி, பிறப்புச் சான்றிதழை அருகில் வைத்து ஒவ்வொரு கட்டமாகப் படியுங்கள். பிறந்த தேதியும் திருமுழுக்குத் தேதியும் இடம் மாறியிருக்கிறதா, மாதமும் நாளும் புரண்டிருக்கிறதா, ஞானத்தாயின் பெயர் தாயின் கட்டத்தில் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். எழுதின குரு அங்கேயே இருக்கும்போது தெரிந்தால் அன்றைக்கே பேசித் தீர்க்கலாம். சான்றிதழை வாங்கியதும் லேமினேட் செய்யாதீர்கள், பின்னால் முத்திரை வைக்கவோ குறிப்பு எழுதவோ முடியாமல் போகும். பதிவேட்டு எண்ணையும் பக்க எண்ணையும் குடும்ப பைபிளின் முதல் தாளில் எழுதிவையுங்கள். சான்றிதழ் மழை வெள்ளத்தில் போனாலும் அந்த எண் இருந்தால் புதுச் சான்றிதழ் எடுக்கலாம். கல்யாணத்துக்கு எப்படியும் 6 மாதத்துக்குள் எடுத்த புதுச் சான்றிதழ்தான் கேட்பார்கள்.

கடைசிக் கட்டம் அன்று காலியாகவே இருக்கும். பிள்ளை உறுதிபூசுதல் பெறும்போதும், எந்த ஊரில் திருமணம் செய்தாலும், குருவானாலும், துறவற வாக்குக் கொடுத்தாலும் அந்தந்தப் பங்கிலிருந்து இங்கே தகவல் வந்து அந்தக் கட்டத்தில் எழுதப்பட வேண்டும். தகவல் அனுப்ப மறந்துவிடுகிறார்கள். திருமணம் முடிந்த ஒரு மாதத்தில், திருமுழுக்குப் பெற்ற கோயிலுக்கு ஒருமுறை போய் அந்தக் கட்டம் நிரம்பியிருக்கிறதா என்று உங்கள் பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள்.